லீற்றருக்கு இருபது

எங்கள் கார் ஒவ்வொரு நாள் காலையிலும் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். பட்டனை அழுத்தியதும் ஒரு பெண் குரல் மிக மரியாதையாக ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு ஓய்ந்துவிடும். ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டு விற்ற, பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட் கார் அது. கப்பலில் வந்து இறங்கி, இங்கே ஒரு கை மாறி, அதன் பிறகு மாத்தளையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்பது எங்களுக்கு விற்றவருக்கும் தெரியவில்லை. நான் "சரிங்க" என்று பதில் சொல்லிவிட்டுக் கிளம்புவேன்.

திரையில் வரும் எழுத்துகளும் ஜப்பானிய எழுத்துகள்தான். எண்களை மட்டும் என்னால் வாசிக்க முடிந்தது. அது போதும் என்று நினைத்தேன், ஏனென்றால் நான் கணக்கு டீச்சர். எண் தெரிந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி என்கிற மிதப்பு எனக்கு எப்போதும் உண்டு.

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் நாவுல டவுனைத் தாண்டி உள்ளே போகும் பாதையில், ஒரு முஸ்லிம் கிராமத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீற்றர். நாவுல வரைக்கும் பஸ்ஸுக்குக் குறைவில்லை. அங்கிருந்து உள்ளே போகிற பஸ் ஒன்று, திரும்பி வருகிற பஸ்ஸும் அதே ஒன்று, அதுவும் அதற்கு மனம் வந்தால்தான். ஆகவே நான்கு வருடம் திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துப் போடிங்கில் இருந்தேன். வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வருவேன், ஞாயிறு பின்னேரம் பையைத் தூக்குவேன். கடைசி வருடத்தில் என் மகள் நாலாம் தரம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பின்னம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பெற்ற பிள்ளையிடம் போனில் வாய்ப்பாடு கேட்டேன். அதை நினைத்து நான் அழுததும் உண்டு. யாராவது பரிதாபப்பட்டால் எரிந்து விழுந்ததும் உண்டு.

கார் வாங்கியதே இதற்காகத்தான். வாங்குவதற்கு முன்னால் நானும் கணவரும் அடுப்படியில் உட்கார்ந்து பேசினோம். ஒரு நாளைக்குப் போகவர எண்பது கிலோமீற்றர், வாரத்துக்கு நானூறு. வாரத்துக்கு இருபது லீற்றர் பெற்றோலுக்கு மேல் எங்களால் தாங்க முடியாது. அப்படியானால் லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் ஓட வேண்டும். ஓடினால் தினமும் வீட்டுக்கு வரலாம், ஓடாவிட்டால் பழையபடி போடிங். இதைவிடச் சுலபமான கணக்கை நான் ஆறாம் தரத்துக்குக்கூடக் கொடுத்ததில்லை.

போடிங் வீட்டுக்காரியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அந்த ஊரில் அக்காவுக்கு அதுதான் சொல். கார் வாங்கிய செய்தியைச் சொன்னபோது ராத்தாவுக்கு என்னைவிடச் சந்தோஷம். ஆனால் அறையை உடனே விட்டுவிட வேண்டாம் என்று அவரே சொன்னார்.

"ரெண்டு மாசம் ஓட்டிப் பாருங்க டீச்சர். ரூம பூட்டி வெக்கிறேன். ஒங்க சாமான் அப்புடியே கெடக்கட்டும். அதுக்குப் பொறகு ஒரு முடிவு சொல்லுங்க. அல்லாஹ் ஒங்க காருல பரக்கத் செய்யட்டும்."

முத்துமாரியம்மன் கோயிலில் பூசை வைத்தோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். காருக்குக் குங்குமம் வைத்து முடித்த ஐயர் கேட்ட முதல் கேள்வி, "லீற்றருக்கு எவ்வளவு ஓடுதுங்க?" அன்றைக்கு ஆரம்பித்தது. ஹைபிரிட் வைத்திருக்கிறவரிடம் இந்த ஊர் நலம் விசாரிக்காது, இதைத்தான் விசாரிக்கும். மீன் கடையில் கேட்டார்கள், வங்கியில் கேட்டார்கள், பள்ளிக்கூடத்தில் அதிபர் கேட்டார். ஹைபிரிட் வைத்திருக்கும் ஆண்கள் எல்லாரும் தங்கள் எண்ணையும் கூடவே சொன்னார்கள். இருபத்தைந்துக்குக் கீழே யாரும் வாய் திறக்கவில்லை. மாத்தளையில் ஒரு கடை முதலாளி இருபத்தெட்டு என்றார். அவருடைய கார் என் காரைவிடப் பெரியது.

என் கணவர் லொறி ஓட்டுகிறவர். டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் லொறி, சீமெந்து, கம்பி, தகரம் ஏற்றிக்கொண்டு மாவட்டம் முழுக்கப் போகும். எனக்கு லைசன்ஸ் இருந்ததே தவிர ஓட்டிப் பழக்கமில்லை, அதனால் முதல் வாரம் லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். எனக்குப் பாடம் எடுப்பதில் அவருக்கு அப்படி ஒரு குஷி. கல்யாணமான நாள் முதல் வீட்டில் கணக்குச் சொல்லித் திருத்துவது நான்தானே, இப்போது அவர் முறை வந்திருந்தது.

"எறக்கத்துல எஞ்சினுக்கு என்ன வேல? நியூட்ரல்ல போடு. வண்டி தன்பாட்டுல உருண்டு போகும். அந்த நேரத்துல குடிக்காத பெற்றோல் நமக்கு லாபம்."

இறக்கம் வந்தால் நியூட்ரல், ஏற்றம் வந்தால் திரும்பவும் கியர். பெற்றோலுக்கு இரவும் பகலும் வரிசையில் நின்ற காலத்தில் இந்த ஊரில் ஓட்டத் தெரிந்த எல்லாரும் இப்படித்தான் ஓட்டினார்கள். மேட்டிலிருந்து சத்தமே இல்லாமல் வாகனங்கள் உருண்டு வரும். மாத்தளையிலிருந்து நாவுலவுக்குப் போகும் பாதையோ ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும். நாலந்தா வருவதற்குள் என் இடது கை கியரை எத்தனை தரம் தள்ளியது, இழுத்தது என்று எண்ணவே முடியாது. இரண்டாம் வாரம் நான் தனியாகப் போனபோது அது கைக்கே பழகிவிட்டது. நியூட்ரலில் போட்டுச் சற்று நேரத்தில் திரையில் ஒரு ஜப்பானிய வரி மஞ்சளாக மின்னும். நன்றாக ஓட்டுகிறாய் என்று பாராட்டுகிறது என்று எடுத்துக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

திரையில் காட்டும் சராசரியை நம்பாமல் நானே அளந்தேன். நாவுல பெற்றோல் ஷெட்டில் குழாய் தானாக நிற்கும் வரைக்கும் அடிக்கச் சொல்லி, ஓட்டிவிட்டு, திரும்ப அதே குழாயில் அதே மாதிரி அடித்து, ஓடிய தூரத்தை லீற்றரால் வகுத்தேன். பதினாறும் கொஞ்சமும் வந்தது. வகுத்தலில் பிழை இருக்குமோ என்று திரும்ப வகுத்தேன். இருபது வருடமாக வகுத்தலில் பிழை விடாதவள், அன்று பிழை விட்டிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். திரையும் அதே பதினாறைத்தான் காட்டியது.

அடுத்த வாரம் பதினைந்தரை.

கணவர் டயருக்குக் காற்று அடித்தார். டிக்கியில் கிடந்த குடை, பாய், மகளின் பழைய சைக்கிள் எல்லாவற்றையும் இறக்கினார். பாரம் போனால் ஓடும் என்றார். நான் ஏசியை நிறுத்தினேன். நாவுலப் பக்கத்து வெயிலில் ஏசி இல்லாமல் நாற்பது கிலோமீற்றர் ஓட்டிப் போய், முதலாம் பாடத்துக்குள் நுழையும்போது சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மாதம் என்னிடம் ஏச்சு வாங்காத பிள்ளை அந்த வகுப்பில் கிடையாது. அவர்களுக்கு என்ன தெரியும், டீச்சருடைய கோபத்தில் பாதி பெற்றோல் மேல் என்று.

ஆசிரியர் அறையில் கேட்பவர்களிடம் நானும் பொய் சொல்ல ஆரம்பித்தேன். "இருபது, இருபத்தொண்ணு ஓடுது" என்று கூசாமல் சொல்வேன். கணக்கு டீச்சர் சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்.

வீட்டில் மட்டும் பொய் எடுபடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து வீட்டில் என் நாத்தனாரிடம் சாப்பிட்டுவிட்டு மகள் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பாள். கார் சத்தம் கேட்டதும் கேற்றுக்கு ஓடி வருவாள். நான் இறங்குவதற்குள் ஜன்னல் வழியே தலையை விட்டுத் திரையைப் பார்ப்பாள்.

"இன்னிக்கு எவ்வளவு ஓடுச்சும்மா?"

"பத்தொம்பது."

"வெளிய சொல்றது இல்ல. உண்மையா."

ஊரே கேட்கிற கேள்வி, இவளும் பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். சிரித்துக்கூட இருக்கிறேன். ஒரு நாள் பதினைந்து என்று பார்த்துவிட்டு அவள் உள்ளே போனாள். பின்னால் நான் போனபோது என் போடிங் பையை அலுமாரிக்கு மேலிருந்து எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். "திரும்பப் போகணும்னா தேவப்படும்தானே," என்றாள். அடுப்படியில் நாங்கள் பேசியதை அவள் முழுவதும் கேட்டிருக்கிறாள். இருபது வராவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் இரண்டு பேரையும் போலவே அவளுக்கும் தெரிந்திருக்கிறது. நான் அந்தப் பையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தேவையில்லாத வேலை செய்யாதே என்று அவளை ஏசினேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வடை சுடும்போது எண்ணெய் தெறித்து என் இடது உள்ளங்கை வெந்துவிட்டது. மருந்து போட்டுப் பெரிய கட்டாகக் கட்டிவிட்டார்கள். விரலை மடக்க முடியவில்லை.

"லீவு போடு. ஒத்தக் கையால எப்புடி ஓட்டுவ?" என்றார் கணவர்.

"தவணைப் பரீட்ச வருது. ஸ்டியரிங்க வலது கையால புடிச்சுக்குவேன். கியர ஒருக்கா போட்டா போதும்தானே."

காலையில் அவரே கியரைப் போட்டுவிட்டு இறங்கினார். நான் இடது கையை மடியில் வைத்தபடி ஓட்டினேன். இறக்கங்களில் என் கை துடித்தது. வலியால் அல்ல, நியூட்ரலில் தள்ள முடியவில்லையே என்ற தவிப்பால். ஒவ்வொரு இறக்கத்திலும் பெற்றோல் வீணாகக் கொட்டுவதாக நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். நாலந்தாவைத் தாண்டும்போதுதான் திரையைக் கவனித்தேன். பற்றரியைக் காட்டும் சின்னக் கட்டங்கள் வழக்கமாக ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அன்று ஆறு இருந்தன. அடுத்த மேட்டில் எஞ்சின் சத்தமே வரவில்லை. வண்டி நின்றுவிட்டதோ என்று பயந்து அக்சலேட்டரை மிதித்துப் பார்த்தேன், ஏறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது திரையில் இருபத்திரண்டு.

நான் நம்பவில்லை. காற்று சாதகமாக இருந்திருக்கும், திங்கட்கிழமை என்பதால் பாதை வெறிச்சோடி இருந்திருக்கும் என்று ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். செவ்வாய் இருபத்தொன்று. புதன் இருபத்தொன்றரை, ஏசியும் போட்டுக்கொண்டு. வெள்ளிக்கிழமைக்குள் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். அடுத்த வாரம், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறபடியே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். இரண்டு நாள் கணவர் சொன்னபடி நியூட்ரல், இரண்டு நாள் கையை மடியில் வைத்தபடி. பதினாறு, பதினாறு, இருபத்தொன்று, இருபத்தொன்று.

காரணம் தெரியாமல் விடையை மட்டும் எழுதினால் நான் அரை மார்க்தான் கொடுப்பேன். பள்ளிக்கூட வளவில் காரை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலில் போட்டுக் காத்திருந்தேன். கட்டங்கள் இறங்கி, அந்த மஞ்சள் வரி வந்தது. எழுத்தைப் படம் பிடித்தால் மொழிபெயர்த்துச் சொல்லும் வசதி என் போனில் இருந்தது. அதைத் திரைக்கு நேரே பிடித்தேன். அரைகுறைத் தமிழில் அது சொன்னது: "நியூட்ரலில் பற்றரி ஏறாது. கியரை மாற்றவும்."

ஒன்றரை மாதமாக ஒவ்வொரு இறக்கத்திலும் கார் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் பாராட்டு என்று தலையாட்டியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். விஷயம் இவ்வளவுதான். இறக்கத்தில் சக்கரம் சுற்றுகிற சுற்றிலேயே கார் தன் பற்றரியை ஏற்றிக்கொள்கிறது. நியூட்ரலில் போட்டால் அது நின்றுவிடும். பிறகு ஏற்றம் வரும்போது பற்றரி வெறுமையாக இருக்கும், எஞ்சின் வண்டியையும் இழுத்துப் பற்றரியையும் நிரப்ப வேண்டும். இந்தப் பாதையில் இறக்கம் என்பது எங்களுக்குச் சும்மா கிடைக்கிற பெற்றோல். அதை நான் நாள் தவறாமல் கீழே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கணவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். வாசித்தார். திரும்ப வாசித்தார்.

"லொறிக்கு அது சரி," என்றார்.

"லொறிக்குச் சரிதாங்க. இது லொறி இல்லையே."

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்காது. உங்கள் பாடத்தால் ஒன்றரை மாதம் வீணாகப் போனது, பிள்ளை பையைத் தூசி தட்டுகிற அளவுக்குப் போனது என்றெல்லாம் கொட்டிவிட்டேன். அவர் எழுந்து போய் லொறியைக் கழுவினார். அது ஏற்கெனவே கழுவிய லொறி. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு மனம் அடித்துக்கொண்டது. அவர் தெரிந்ததைத்தான் சொல்லிக்கொடுத்தார், நான் தினமும் வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்.

சனிக்கிழமை மூன்று பேரும் சாமான் வாங்க டவுனுக்குப் போனோம். அவர் ஓட்டினார். இறக்கம் வந்தது. அவருடைய இடது கை தானாகக் கியருக்குப் போனது. பாதியில் நின்றது. அந்தக் கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இது தானா போகுது. என்ன செய்யச் சொல்ற," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. அன்றைக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

ராத்தா கொடுத்த இரண்டு மாதம் முடிகிற வாரம் மழை பிடித்துக்கொண்டது. இன்னொரு டீச்சர் அறை கேட்டு வந்திருப்பதாக ராத்தா சொல்லியனுப்பியிருந்தார். கடைசி நாளான வியாழக்கிழமை காலையில் நாலந்தாவுக்கு இந்தப் பக்கம் மரம் விழுந்து, முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். கண்ணாடி மங்காமல் இருக்க ஏசி, முகப்பு விளக்கு, வைப்பர் எல்லாம் ஓடின. பள்ளிக்கூடத்தில் நிறுத்தும்போது திரையில் பதினேழு.

முந்திய மாதமாக இருந்தால் அந்தப் பதினேழைப் பார்த்து ஆடிப்போயிருப்பேன். ஆனால் சராசரி என்றால் என்னவென்று வருடா வருடம் படிப்பிக்கிறவள் நான். ஒரு நாள் குறையும், ஒரு நாள் கூடும், மொத்தத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவள். சொந்த விஷயம் என்று வந்ததும் ஒவ்வொரு நாள் எண்ணையும் தீர்ப்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். கை வெந்ததிலிருந்து அந்த வாரம் வரைக்கும் கூட்டிப் பார்த்தால், நியூட்ரலில் போட்ட நாட்களையும் சேர்த்து, இருபதுக்கு மேலேதான் நின்றது. அது இல்லாவிட்டாலும், அலுமாரிக்கு மேலிருந்து பை இறங்கியதைப் பார்த்த பிறகு, பதினேழு ஓடியிருந்தாலும் அறையை விட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன். வேறு எதையாவது குறைத்திருப்போம்.

இடைவேளையில் ராத்தா வீட்டுக்குப் போய்ச் சாமான்களைக் கட்டினேன். ஒரு கட்டில் விரிப்பு, ஒரு கேத்தல், இரண்டு சேலை. நான்கு வருடம் இருந்த அறை கால் மணி நேரத்தில் காலியாகிவிட்டது. ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப இனி பகல் சோத்துக்கு மட்டும் வாங்க டீச்சர்," என்றார். அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான்.

பின்னேரம் மழையோடு வீட்டுக்கு வந்தேன். மகள் குடை பிடித்துக்கொண்டு கேற்றில் நின்றாள். ஜன்னலை இறக்கினேன். எட்டிப் பார்த்தாள்.

"பதினேழு," என்றாள். முகம் விழுந்துவிட்டது.

"பின்னால பாரு," என்றேன்.

பின் ஆசனத்தில் கேத்தலும் விரிப்பு மூட்டையும் கிடந்தன. பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

"ரூம விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

"நாளைக்குப் பதினஞ்சு வந்தா?"

"வீட்டுக்குத்தான் வருவேன்."

"பத்து வந்தா?"

"வருவேன்."

"ஒண்ணு வந்தா?"

"தள்ளிக்கிட்டாவது வருவேன். வழி விடு, நனையுற."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வெயில் காய்ந்தது, இருபத்திரண்டு ஓடியது. அதைச் சொல்லும் ஆசையில் கேற்றில் ஹோன் அடித்தேன். யாரும் வரவில்லை. நானே இறங்கிக் கேற்றைத் திறந்து, காரை உள்ளே விட்டு, வீட்டுக்குள் போனேன். மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு டீவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா வந்துட்டேன்," என்றேன்.

"ம்," என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.